சிறை மீட்ட பின் சொல்லப்பட்ட காரணம்

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குச் சற்று முன், குமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டை தேவி கோயிலில் தங்குகிறாள். வேளிமலைக் குமாரசுவாமிக்குரிய இருப்பிடம் ஆரியசாலை தேவி கோயில். சாலைக் கடைவீதியை ஒட்டி, தலைமுறைகளாகத் தமிழ் வழங்கிவரும் தெருக்களுக்கு நடுவே, வழிபாட்டு நாள்கள் முடியும் வரை முருகன் ஆரியசாலையின் விருந்தினன்.

அந்த விருந்தினனைக் குறித்துத் தத்துவ மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவனுடைய ஊர்தி மயில். கொடியில் நிற்பது சேவல். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணப்படி அவை இரண்டும் சூரபன்மனே. கடல் நடுவே மாமரமாக நின்ற அவுணனை வேல் இரு கூறாகப் பிளக்கிறது. பிளவுபட்ட கூறுகள் அழிந்துபோகவில்லை. ஒன்று மயிலாகவும் மற்றொன்று சேவலாகவும் மாறி இறைவனைச் சேர்கின்றன. இதைவிட வியப்புக்குரிய செய்தியும் அந்நூலில் உண்டு. 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சூரனுக்கு அளித்தவன் சிவபெருமானே. அவ்வாறாயின் தீமைக்கு வலிமை தந்தவன் யார்? அவ்வலிமை எளியோர்மீது பாய்ந்தபோது அதைத் தடுக்காமல் இருந்தவன் யார்? ‘தீமையின் சிக்கல்’ என்று மேலைத் தத்துவம் பெயரிட்டு ஆராய்ந்த கேள்வி, மயிலும் சேவலுமாக ஆரியசாலைக்கும் வந்துபோகிறது.

கந்தபுராணம் இக்கேள்வியை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு விடை சொல்லும் இடத்தைக் கவனமாகத் தேர்கிறது. நூலின் ஆறு காண்டங்களில் இறுதியானது தக்க காண்டம். காலத்தால் தக்கன் வேள்வி முந்தியது. சூரனின் கொடுமை பிந்தியது. நூலின் அமைப்பிலோ போர் முடிந்து, தேவர் மீட்சி பெற்ற பின்னரே தக்கன் கதை வருகிறது. சூரனின் சிறையில் கிடந்து மீண்ட இந்திரன் மகன் சயந்தன், தேவர்க்கு இத்துன்பம் நேர்ந்தது ஏன் என்று வியாழனிடம் வினவுகிறான். சிவனை இகழ்ந்த தக்கனின் வேள்வியில் தேவர்கள் பங்கேற்ற குற்றமே காரணம் என்று வியாழன் விடையிறுக்கிறான். செய்த குற்றத்துக்கு உரிய பயன் என்னும் வினைக் கோட்பாட்டு விடைதான் அது. ஆயினும் அது சொல்லப்படும் சூழலில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கேட்பவன் துன்பத்தை நுகர்ந்தவன். கேட்கும் காலம் சிறை உடைந்த பிறகான காலம். வேல் முதலில் வருகிறது. விளக்கம் பின்னர் வருகிறது.

இந்த வரிசைமுறை தற்செயலானது அன்று. துன்பத்துக்குக் காரணம் கூறும் கோட்பாடு எதுவாயினும், அதன் அறத்தகுதி அது யாரால், எப்போது, யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வினைக் கோட்பாடு தன்னை நோக்கிச் சொல்லப்படும்போது பொறுப்புணர்வாகிறது. பிறரை நோக்கிச் சொல்லப்படும்போது தீர்ப்பாகிறது. இந்திய மெய்யியலைப் பற்றிய இன்றைய கல்விப்புல விவாதங்கள் இவ்வேறுபாட்டைக் கவனியாமல் கடந்துசெல்கின்றன.

வகுப்பறைகளில் இப்பொருள் நடத்தப்படும் முறை பெரும்பாலும் ஒன்றே. எபிகியூரசின் பெயரால் வழங்கும் முரண் முதலில் வரும்: கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் முற்றிலும் நல்லவர், உலகில் தீமை உண்டு என்னும் மூன்றும் ஒருங்கே எவ்வாறு பொருந்தும்? அடுத்து 1710-இல் லைப்னிட்ஸ் எழுதிய நூல், 1755-இன் லிஸ்பன் நிலநடுக்கம், வால்தேரின் எள்ளல், 1955-இல் ஜே. எல். மேக்கி எழுதிய கட்டுரை என்று பாடம் நகரும். இறுதியில் ஒரு பத்தியில், ‘இந்து சமயத்தின் விடை கர்மம்’ என்று முடிப்பார்கள். சமயங்கள் துன்பத்துக்குத் தந்த விளக்கங்களுள் முழு முரணின்மை உடையவை மூன்றே என்று மாக்ஸ் வேபர் வகுத்து, அவற்றுள் ஒன்றாக வினைக் கோட்பாட்டை வைத்ததும் மேற்கோளாகக் காட்டப்படும். முரணின்மை தருக்கத்தின் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் முரணின்றி இருக்கும் ஒரு விளக்கம் கொடுமையாகவும் இருக்கலாம் என்பதை அந்தப் பத்தி சொல்வதில்லை. அவ்விடைக்கு இந்திய மரபுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்புகளையும் அது சொல்வதில்லை.

அந்த எதிர்ப்புகளுள் ஒன்றைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆரியசாலைக்கு அருகில் உள்ளது வலியசாலை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியால் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலை இப்பகுதியிலேயே இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள மகாதேவர் கோயிலும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 866-ஆம் ஆண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்ததைக் கூறுகிறது. அங்குச் சேர விரும்புவோர் இலக்கணத்தோடு மீமாம்சையிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது அச்செப்பேடு.

மீமாம்சை கற்றவர் எவரும் குமாரிலபட்டரின் சுலோகவார்த்திகத்தைத் தவிர்க்க முடியாது. படைப்புக் கடவுள் ஒருவர் உண்டு என்னும் கொள்கையை அந்நூல் கடுமையாக மறுக்கிறது. அருளால் உலகைப் படைத்தார் எனில், படைப்புக்கு முன் அருளுக்கு உரிய உயிர்கள் எவை? அருளே நோக்கமாயின் இன்பம் மட்டுமே நிறைந்த உலகைப் படைத்திருக்கலாகாதா? உயிர்களின் வினையைச் சார்ந்தே படைக்க வேண்டியிருந்தது எனில், அவருடைய சுதந்திரம் எங்கே? வேதத்தின் மீது முழுப் பற்றுக் கொண்ட ஒரு மரபு, துன்பத்தைச் சான்றாக வைத்துப் படைப்புக் கடவுளை மறுத்திருக்கிறது. தீமையின் சிக்கல் மேற்கிலிருந்து இறக்குமதியான கேள்வி என்று சொல்வோர் குமாரிலரைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

காலடியில் பிறந்த சங்கரர் இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். பிரம்ம சூத்திரம் 2.1.34-க்கு அவர் எழுதிய பாடியத்தில் எதிர்வாதியின் குரல் கூர்மையானது. தேவர்களை மிகுந்த இன்பத்திலும், விலங்குகளை மிகுந்த துன்பத்திலும், மனிதரை இடைநிலையிலும் படைத்த இறைவன் ஓரவஞ்சனையும் இரக்கமின்மையும் உடையவன் ஆகானா? இறைவன் தனித்துப் படைப்பதில்லை, உயிர்களின் அறத்தையும் மறத்தையும் சார்ந்தே படைக்கிறான் என்பது சங்கரரின் விடை. மழை எல்லா நிலத்துக்கும் பொது. நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பதற்கு வித்துகளே காரணம். இறைவனும் அம்மழை போன்றவன்.

அழகிய உவமை, ஆனால் அடுத்த சூத்திரமே அதன் எல்லையைக் காட்டிவிடுகிறது. முதற்படைப்பின்போது உயிர்கள் பிறக்கவே இல்லையே, வினை எங்கிருந்து வந்தது? சம்சாரம் தொடக்கமற்றது, வித்தும் முளையும் போல ஒன்றையொன்று பற்றி வருவது என்பதே சங்கரரின் மறுமொழி. இம்மறுமொழியை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொரு துன்பத்துக்கும் அதற்கு முந்திய ஒரு வினையைக் காட்ட முடியும். துன்பம் என்ற ஒன்று உலகில் இருப்பதற்குக் காரணம் காட்ட முடியாது. கண்ணிகள் விளக்கம் பெறுகின்றன. சங்கிலி விளக்கம் பெறுவதில்லை. அக்காலத் தருக்கத்தின் அளவில் இது தோல்வி அன்று. அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் நேர்மை. ஆனால் எல்லை உடைய ஒரு விளக்கத்தை எல்லையற்ற தீர்ப்பாக மாற்றியது பிற்காலச் சமூகம். நல்லொழுக்கத்தார் உயர்குடிப் பிறப்பையும் தீயொழுக்கத்தார் நாய், பன்றி, சண்டாளப் பிறப்பையும் அடைவர் என்னும் கருத்துச் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் பகுதியிலேயே இடம்பெற்றிருந்தது. தீர்ப்பு எழுத விரும்பியோர்க்கு அது போதுமானதாயிற்று.

சைவ சித்தாந்தம் வேறொரு வழியைத் திறந்தது. திருவனந்தபுரத்தில் அவ்வழியைக் கல்விப்புலத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த அவர், 1885-இல் இந்நகரில் சைவப் பிரகாச சபையை நிறுவினார். சிவஞானபோதத்தை அடியாகக் கொண்ட சித்தாந்தத்தில் இறை, உயிர், தளை மூன்றும் தொடக்கமற்றவை. இறைவன் உயிரையும் படைக்கவில்லை. அதைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்தையும் படைக்கவில்லை. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, ஆணவம் உயிரோடு என்றும் இருப்பது. இறைவனின் ஐந்தொழிலும் அத்தளையைப் பக்குவப்படுத்திக் கழற்றுவதற்கானவை. ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுள் என்னும் கருதுகோளே இங்கு இல்லை. ஆதலால் எபிகியூரசின் முரணின் முதல் அடியே இடம் மாறிவிடுகிறது.

இதில் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. மும்மலங்களுள் கன்மம் உயிர் செய்து ஈட்டுவது, ஆணவம் அவ்வாறன்று. அது எவருடைய குற்றமும் அல்ல, எவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனையும் அல்ல. மனிதப் பிறவி எடுத்த உயிர் ஒவ்வொன்றும் அவ்விருளுடனேயே வருகிறது. எனவே துன்பத்தின் ஆணிவேர் ஒருவரின் முற்பிறவிக் குற்றம் அன்று. எல்லார்க்கும் பொதுவான ஓர் அறியாமை. இக்கோட்பாட்டை முறையாக ஏற்ற ஒருவர் மற்றொருவரின் துன்பத்தைக் கண்டு, ‘அவர் செய்தது, அவர் நுகர்கிறார்’ என்று ஒதுங்க முடியாது. அவ்வாறு ஒதுங்குகிறவரின் கண்ணையும் அதே இருள்தான் மறைத்திருக்கிறது.

சித்தாந்தத்தின் வினைப் பகுப்பும் இதற்கு அரண் செய்கிறது. தொல்வினையிலிருந்து இப்பிறவிக்கென வந்து பயன் தருவது நுகர்வினை. அதை நுகரும்போது புதிதாகச் சேர்வது ஏறுவினை. நோயுற்று வீதியில் கிடக்கும் ஒருவரின் நிலை அவருக்கு நுகர்வினையாக இருக்கலாம். அவ்வழியே செல்பவருக்கோ அதே காட்சி ஏறுவினைக்கான களம். உதவினாலும் வினை சேரும்; ஒதுங்கினாலும் வினை சேரும். பிறர் துன்பத்துக்குக் காரணம் கூறிவிட்டு நகர்பவர் வினைக் கோட்பாட்டைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொள்கிறார். அக்கோட்பாட்டின்படியே அவர் தம் கணக்கில் ஒரு கடனை எழுதிச் செல்கிறார்.

சுந்தரம் பிள்ளை காலம் கணித்து ஆராய்ந்த திருஞானசம்பந்தரின் வரலாற்றிலேயே இதற்கான சான்று இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூர் என்னும் திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது சம்பந்தர் பாடியதாகப் பெரிய புராணம் கூறுவது திருநீலகண்டப் பதிகம். முன்வினைக்கு இது பயன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறைபாடே என்னும் கருத்துடன் அப்பதிகம் தொடங்குகிறது. சம்பந்தர் வினையை மறுக்கவில்லை. வினையைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவதையே மறுக்கிறார். நோயாளியின் அருகில் நிற்பவர் காரணத்தை ஆராயாமல் மருந்தைத் தேட வேண்டும் என்பதைச் சமய மொழியில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட இயலாது.

திருக்குறள் உரை வரலாறும் இப்பூசலின் களமே. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் ஒருங்கே காட்டும் 37-ஆம் குறளுக்கு, அறத்தின் பயன் இவர்களிடத்தே கண்கூடாகத் தெரிவதால் நூல் கொண்டு உணர்த்த வேண்டியதில்லை என்று பரிமேலழகர் பொருள் கண்டார். இக்காலத்தவர் சிலரோ, இவ்விருவரையும் சுட்டி இதுவே அறநெறி என்று கூறாதே என எதிர்த்திசையில் பொருள் கொள்கின்றனர். இலக்கணம் எதற்கு இடம் தரும் என்பது தனி விவாதம். ஆனால் உரை எழுதுவோர் தம்மைப் பல்லக்கின் உள்ளே வைத்துப் பார்க்கிறார்களா, தண்டின் கீழே வைத்துப் பார்க்கிறார்களா என்பது பொருள்கோளைத் தீர்மானிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஊழின் பெருவலியைப் பாடிய அதே நூல், ஊக்கமுடையோர் ஊழையும் புறங்காண்பர் என்று 620-ஆம் குறளில் சொல்கிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்றால், உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று 1062-ஆம் குறளில் சபிக்கவும் செய்கிறது. இரப்பவனின் முற்பிறவியை அக்குறள் விசாரிக்கவில்லை.

பல்லக்கின் தண்டுக்குக் கீழிருந்து பேசிய குரல் ஒன்று இந்நகரின் வரலாற்றில் பதிந்திருக்கிறது. 1838-ஆம் ஆண்டளவில், சுவாதித் திருநாள் ஆட்சியில், சாமித்தோப்பிலிருந்து கைது செய்து கொண்டுவரப்பட்ட அய்யா வைகுண்டர் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். அவருடைய மக்கள் தலைவரியும் கூலியற்ற ஊழியமும் சுமந்தவர்கள். தலைப்பாகையும் மேலாடையும் மறுக்கப்பட்டவர்கள். முற்பிறவிப் பயன் என்னும் விளக்கம் அவர்களைச் சுற்றி ஆயத்தமாகவே நின்றது. 1841-இல் இயற்றப்பட்டதாக மரபு கூறும் அகிலத்திரட்டு அம்மானை அதைவிட்டு வேறொரு விளக்கத்தைக் கட்டியெழுப்புகிறது.

அதன்படி தொடக்கத்தில் குறோணி என்னும் கொடியவன் தோன்றுகிறான். திருமால் அவனை ஆறு துண்டங்களாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டமும் யுகந்தோறும் ஒரு கொடுங்கோலனாகப் பிறக்கிறது. சூரபன்மனும் இரணியனும் இராவணனும் துரியோதனனும் அவ்வரிசையில் வருகிறார்கள். கடைசித் துண்டம் கலி; அது வரி வாங்கும் அரசாக, ஊழியம் கொள்ளும் அதிகாரமாக, மனத்தில் புகும் மாயையாக நிற்கிறது. தீமை இங்கே துன்புறுவோரின் பழங்கணக்கில் இல்லை. துன்புறுத்துவோரின் இருக்கையில் இருக்கிறது. அதை வெல்லும் வழி படைக்கலம் அன்று, பொறுமையும் தருமமும் என்பது வைகுண்டர் வகுத்த நெறி. எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கும் பொதுக்கிணறு ஒன்றைச் சாமித்தோப்பில் தோண்டச் செய்தது அந்த நெறியின் நடைமுறை வடிவம்.

ஆரியசாலைக்கு வரும் குமாரசுவாமியும் சிங்காரத்தோப்புக்கு வந்த வைகுண்டரும் ஒரே தென்திசையிலிருந்து ஒரே தலைநகரத்துக்கு வந்தவர்கள். முன்னவர்க்கு உடைவாள் முன்செல்ல அரசமரியாதை. பின்னவர்க்குக் காவலர் சூழச் சிறை. இருவர் கதையிலும் சூரபன்மன் வருகிறான். ஒரு கதையில் அவன் மாற்றம் பெற்று மயிலாகிறான். மற்றதில் துண்டமாய் மீண்டும் பிறந்து அரியணையேறுகிறான். தீமை தனி உயிரின் மயக்கம் எனில் அது திருந்தக்கூடியது. தீமை ஓர் அமைப்பு எனில் ஒருவர் திருந்துவதால் மட்டும் அது நீங்குவதில்லை. இவ்விரண்டு உண்மைகளுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் எந்தத் தத்துவமும் குறையுடையதே. முருகனின் ஊர்வலம் செல்லும் இந்நாட்டுக் கோயில்களுக்குள் வைகுண்டரின் மக்கள் நுழைவதற்கு 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேச விளம்பரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காத்திருப்புக்குக் காரணம் எவருடைய முற்பிறவியும் அன்று. இப்பிறவியில் இருந்தோர் எழுதி வைத்த விதிகள்.

பிறர் துன்பத்துக்குக் காரணம் கூறும் ஆசை நல்லோரையும் விடுவதில்லை. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஒன்பது நாள்களுக்குப் பின், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் திருநெல்வேலிக்கு வந்த காந்தியடிகள், அப்பேரிடர் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று பேசினார். அவர் குற்றம் சாட்டியது துன்புற்றோரின் முற்பிறவியை அன்று. தம்மையும் உள்ளிட்ட சமூகத்தின் கூட்டுப் பாவத்தையே. ஆயினும் இரவீந்திரநாத் தாகூர் அதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. இதே வாதத்தைத் திருப்பி, தீண்டாமையை எதிர்ப்பதால்தான் தெய்வம் சினந்தது என்று பழமைவாதிகளும் சொல்லலாமே என்பது அவருடைய மறுப்பு. காந்தியடிகள் அம்மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் மறுமொழி எழுதினார். நோக்கம் உயர்ந்தது, எதிரியும் உண்மையான எதிரிதான். எனினும் இடிபாட்டுக்குள் சிக்கியோர் ஒரு வாதத்தின் சான்றாக மாற்றப்பட்டனர். தீண்டாமையால் வதைபட்டோரும் அவர்களுள் இருந்தனர். 2004 டிசம்பர் 26-இல் குமரி முதல் நாகை வரை கடல் உள்ளே புகுந்தபோதும், வீட்டில் இருந்தபடியே அதற்குத் தெய்வக் காரணம் கண்டறிந்தோர் உண்டு. மெய்யியல் மாணவர் அஞ்ச வேண்டியது அத்தகைய ஓய்வுநேரத் தெளிவையே.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். வினைக் கோட்பாடு துன்புறுவோர் பலருக்கு ஆறுதலாக இருக்கிறதே, அதை மறுப்பது அவர்களின் ஊன்றுகோலைப் பறிப்பதாகாதா என்பது முதலாவது. ஆகாது. பிள்ளையை இழந்த ஒரு தாய் தன் துயரத்தை ‘என் வினை’ என்று சொல்லி ஏந்திக்கொள்வது அவளுடைய உரிமை. அச்சொல்லில் ஓர் ஒழுங்குள்ள உலகின் மீதான நம்பிக்கை இருக்கிறது. அதே சொல்லை அண்டைவீட்டார் அவளிடம் சொன்னால் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. தன்மையில் சொல்லும்போது பொறை. முன்னிலையில் சொல்லும்போது பழி. படர்க்கையில் சொல்லும்போது அலட்சியம். இவ்விட வேறுபாட்டை அறியாத தத்துவம், தமிழ் இலக்கணத்தின் முதல் பாடத்தையே மறந்தது ஆகும்.

உண்மை என்பது சொல்பவரைப் பொறுத்து மாறுமா என்பது இரண்டாவது மறுப்பு. வினை உண்மையெனில் யார் சொன்னாலும் உண்மைதானே என்பர். வாதத்துக்காக அதை ஏற்றாலும் ஒரு தடை எஞ்சி நிற்கிறது. இன்ன துன்பம் இன்ன வினையின் பயன் என்று அறியும் ஆற்றல் மனிதர்க்கு உண்டு என இம்மரபுகள் பொதுவாக ஒப்புவதில்லை. நையாயிகர் அதற்கு ‘அதிர்ஷ்டம்’, அதாவது காணப்படாதது, என்றே பெயர் வைத்தனர். காணப்படாததைக் கண்டதுபோல் பேசுவது அளவை இயலின்படியே பிழை. பொதுவான ஒரு விதியை நம்புவது வேறு. முன்னே நிற்கும் ஒரு மனிதரின் மீது அதைப் பொருத்தித் தீர்ப்பளிப்பது வேறு. முன்னது சமயம், பின்னது தரவில்லாத ஊகம்.

ஆகவே ‘இந்து சமயத்தின் விடை கர்மம்’ என்று பாடத்திட்டம் முடிக்கும் பத்தி திருத்தப்பட வேண்டியது. குமாரிலரின் மறுப்பும், சங்கரரின் மழையும், சித்தாந்தத்தின் ஆணவமும், சம்பந்தரின் கண்டனமும், குறளின் சாபமும், அகிலத்தின் குறோணியும் ஒரே விடையின் பல வடிவங்கள் அல்ல. அவை ஒன்றோடொன்று மோதும் விடைகள். அவற்றை ஒரு மேசையில் வைத்துப் படிக்கும் மாணவர்க்கு, கோட்பாடு மட்டுமன்றி அக்கோட்பாட்டைப் பேசும் வாயும் அதைக் கேட்கும் செவியும் ஆய்வுக்குரியவை என்பது புரியும். வடமொழிப் பாடியங்களுக்குத் தரும் கவனத்தைச் சாமித்தோப்பின் அம்மானைக்கும் தத்துவத் துறைகள் தர வேண்டும் என்பதும் அப்போது தானே விளங்கும். அதை நாட்டார் வழக்காற்றியல் துறைக்குரிய பொருள் என்று ஒதுக்கி வைப்பது, துன்பத்தைப் பற்றிப் பேசும் உரிமை துன்புறாதோர்க்கே உண்டு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அடுத்த நவராத்திரியிலும் வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக்கு வருவான். அவனைக் காண நிற்கும் கூட்டத்தில் நோயாளிகள் இருப்பர், கடனாளிகள் இருப்பர், பிள்ளையை இழந்தோர் இருப்பர். அவர்களுள் ஒருவர் ‘ஏன் எனக்கு?’ என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் முன் சயந்தனை நினைத்துக்கொள்வது நல்லது. அவன் காரணம் கேட்டான். அவனுக்குக் காரணமும் சொல்லப்பட்டது. ஆனால் அப்போது அவன் சிறையில் இல்லை.